கட்டியதைக் காப்போம்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழாவில் புதிய கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டுவது வழக்கம். நாமோ இருக்கின்ற கட்டடத்தைச் சீர்செய்வது பற்றிப் பேச முற்பட்டுள்ளோம். கோடையில் வேலூரின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது யாவரும் அறிந்ததே. பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம், மாலைக்குப் பின்னரும் தன் வெப்பத்தை அறைக்குள் இறக்குகிறது. விடுதிப் பிள்ளைகள் படிக்கும் நேரமும் அதுவே. ஓர் அறை வீட்டில் வளரும் தொழிலாளியின் பிள்ளைக்கு இதைவிட்டால் படிப்பதற்கு வேறு இடம் ஏது?

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் உழைத்த நம்மவர்க்கு இது புதிய பாடம் அன்று. டிரம்மின் பெல்ட் தளர்ந்தால் இறுக்குகிறோம். பேரிங் காய்ந்தால் கிரீஸ் இடுகிறோம். 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தோல் கழிவுநீர் வழக்கில் தீர்ப்பளித்தது. சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டினால் மட்டும் போதாது, நாள்தோறும் முறையாக இயக்கவும் வேண்டும் என்பதைப் பாலாற்றங்கரை மக்கள் அறிவர். கட்டடத்திற்கும் அதுவே விதி.

முதலில் அளவெடுக்க வேண்டும். மின்கட்டணச் சீட்டுகளையும் அறையின் வெப்பநிலையையும் ஓராண்டு குறித்து வைப்போம். அடுத்து, அலமாரி மறைத்த ஜன்னலையும் அடைபட்ட வெண்டிலேட்டரையும் திறப்போம். எதிரெதிர்த் திறப்பு இருந்தால்தான் காற்று ஓடும். மொட்டைமாடியில் உடைந்த தட்டோடுகளை மாற்றி, வெள்ளைப் பூச்சு இடுவோம். தூசி படிந்தால் அதன் பயன் குறையும். ஆண்டுதோறும் கழுவ வேண்டும்.

மெதுவாகச் சுழலும் மின்விசிறிக்குப் பெரும்பாலும் புதிய கண்டென்சரே போதும். மாற்றித்தான் ஆகவேண்டும் எனில், 75 வாட் விசிறிக்குப் பதிலாக ஏறத்தாழ 30 வாட் இழுக்கும் பி.எல்.டி.சி. விசிறி கிடைக்கிறது. 20 விசிறிகள் 12 மணி நேரம் ஓடினால் நாளொன்றுக்குப் பத்து யூனிட்டுக்கு மேல் மிச்சமாகும். கணினி அறையின் ஏ.சி.க்கு வடிகட்டியைக் கழுவி, 24 டிகிரியில் வைத்தால் போதும். 2020 முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏ.சி.கள் அந்த அளவிலேயே அமைக்கப்பட்டு வருகின்றன.

ஒன்றை அழுத்தமாகக் கூற விரும்புகிறோம். விரிசல் விழுந்த தூணும் துருப்பிடித்து வெளியே தெரியும் கம்பியும் பூச்சினால் தீர்பவை அல்ல. பொறியாளர் பார்த்துச் சொல்லும்வரை அந்த அறையில் பிள்ளைகள் இருத்தல் ஆகாது. மேலும், பழையதைச் செப்பனிட நமக்குத் தெரியும் என்பதால் பழையதே இவர்களுக்குப் போதும் என்று எவரும் கூற இடம் தரலாகாது. பிறர் கழித்ததை வாங்கிக்கொண்ட காலம் முன்னோரோடு போகட்டும். ஆதிதிராவிடர் மாணவர் விடுதிகளுக்குப் போதிய இடமும் நல்ல கட்டடமும் கேட்பது நம் உரிமை. கையிலிருப்பதைக் காப்பது நம் கடமை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறுக்க முடியாது.

ஐ.டி.ஐ. பயின்ற நம் இளைஞர்கள் இதற்கென ஒரு குழு அமைத்து, கோடைக்கு முன்னும் மழைக்கு முன்னும் ஒவ்வோர் அறையையும் பார்வையிட வேண்டுகிறோம். மிச்சமாகும் பணம் நூலகத்திற்குச் செல்லட்டும்.