தண்ணிக்குள்ள நின்னு வாடின வாழை

வழக்கமா பெங்களூர் ரூம்ல இருந்து பேசுற நான், இந்த வாரம் கம்பத்துல எங்க வீட்டு மாடியில உட்கார்ந்து பேசுறேன். நடுவுல டிராக்டர் சத்தம் வந்தா கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

இன்னிக்கு செல் பத்திப் பேசப் போறோம். கையில இருக்கிற செல் இல்ல, உயிரியல் புத்தகத்துல வர்ற செல். நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ். ஸ்கூல்ல வெங்காயத் தோலை நுண்ணோக்கியில பார்த்து, செங்கல் சுவர் மாதிரி படம் வரைஞ்சு, பாகம் குறிச்சதோட எனக்கும் செல்லுக்கும் இருந்த உறவு முடிஞ்சு போச்சு. திரும்ப என்னை அங்க இழுத்துட்டுப் போனது எங்க மாமாவோட வாழைத் தோட்டம்.

மாமா போட்டிருந்தது ஜி-9. கிராண்ட் நைன்னு முழுப் பேர். சூப்பர் மார்க்கெட்ல நீளமா, மஞ்சளா அடுக்கி வெச்சிருப்பாங்களே, அந்த வாழைதான். ஒருநாள் போன் பண்ணார். "மாப்ள, ஒரு பத்து மரத்துல அடி இலை பழுக்குது. தண்ணி பத்தலைன்னு நினைக்கிறேன், நாளைக்குச் சேர்த்துப் பாய்ச்சணும்."

ரெண்டு வாரம் கழிச்சு நான் ஊருக்கு வந்து பார்த்தேன். இலையெல்லாம் காம்போட ஒடிஞ்சு, மரத்தைச் சுத்திப் பாவாடை கட்டின மாதிரி தொங்குது. அடிமரம் நெடுக்குல வெடிச்சிருக்கு. ஆனா மண்ணு நல்ல ஈரம், செருப்புல சேறு அப்புது. மாமா ஒரு கை மண்ணை அள்ளிக் காட்டிக் கேட்டார்: "தண்ணிக்குள்ள நிக்கிற மரம் ஏன்டா வாடுது?"

அவர் அவசரத்துக்கும் ஒரு காரணம் இருந்துச்சு. இந்தத் தோட்டத்துல இருந்தே பக்கக்கன்னு எடுத்து, குத்தகைக்குப் பிடிச்ச இன்னொரு நிலத்துல நடுறதா இருந்தார். அட்வான்ஸும் கொடுத்தாச்சு.

என்கிட்ட ஃபோல்ட்ஸ்கோப் ஒண்ணு இருந்துச்சு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல மனு பிரகாஷ் குழு உருவாக்கின, காகிதத்தை மடிச்சுச் செய்ற நுண்ணோக்கி. சின்ன மணி மாதிரி ஒரே ஒரு லென்ஸ். சுமார் 140 மடங்கு பெருசாக் காட்டும். வாடின மரத்தோட கிழங்கை வெட்டினோம். வெள்ளையா இருக்க வேண்டிய இடத்துல செம்பழுப்புப் புள்ளிகள், கோடுகள். பிளேடால முடிஞ்ச வரை மெல்லிசா ஒரு துண்டு சீவிப் பார்த்தேன். நல்ல மரத்துத் துண்டுல வட்ட வட்டமா ஓட்டைகள் திறந்து கிடந்துச்சு. நோய் மரத்துத் துண்டுல பல ஓட்டைகளுக்குள்ள பழுப்பா ஏதோ அடைச்சுக்கிட்டு இருந்துச்சு.

அந்த ஓட்டைகள் என்னன்னு புரிஞ்சா மாமா கேள்விக்குப் பாதி பதில் கிடைச்சிடும். அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போவோம்.

1665-ல ராபர்ட் ஹூக் தக்கையைச் சீவி நுண்ணோக்கியில பார்த்து, அந்தச் சின்னச் சின்ன அறைகளுக்கு 'செல்'னு பேர் வெச்சார். அவர் பார்த்தது உயிருள்ள செல் இல்ல. உள்ள இருந்ததெல்லாம் செத்துப் போய், சுவர் மட்டும் மிஞ்சின காலி அறைகள். கேட்கும்போது பாவமா இருக்கும். ஆனா ஒரு செடிக்குத் தண்ணி ஏறுறதே இப்படிப்பட்ட செத்த செல்களாலதான். சைலம்னு படிச்சிருப்போமே, அந்தக் குழாய் உருவாகும்போது செல்கள் வரிசையா ஒண்ணு மேல ஒண்ணு நின்னு, சுவரைத் தடிமனாக்கி, லிக்னின் பூசி, கடைசியில உள்ள இருக்கிற உட்கரு, சைட்டோபிளாசம் எல்லாத்தையும் கரைச்சுட்டுச் செத்துப் போகும். மிஞ்சுறது ஒரு பைப் லைன். வேர்ல இருந்து இலை வரைக்கும் தண்ணி அதுலதான் போகுது.

இதை நீங்க வீட்டுலயே பார்த்திருக்கீங்க. வாழைத்தண்டு நறுக்கும்போது சிலந்தி நூல் மாதிரி ஒரு நார் வருமே, அம்மா விரல்ல சுத்திச் சுத்தி எடுப்பாங்களே? அந்த மெல்லிய நூல், இந்தக் குழாய்ச் சுவர்ல இருக்கிற சுருள். ஸ்பிரிங் மாதிரி சுத்தியிருக்கிறது இழுக்க இழுக்க அவிழ்ந்து வருது.

இப்ப நோய்க்கு வருவோம். பேரு ஃபியூசேரியம் வாடல், பனாமா வாடல்னும் சொல்வாங்க. மண்ணுல இருக்கிற ஒரு பூஞ்சை வேர் வழியா நுழைஞ்சு இந்தக் குழாய்க்குள்ள போகுது. அங்க வித்துகளை உண்டாக்குது. செடி மேல இழுக்கிற தண்ணியே அந்த வித்துகளையும் தூக்கிட்டுப் போகுது. குழாய்ல ரெண்டு செல் சேர்ற இடத்துல வித்து சிக்கிக்கிட்டா, அங்கயே முளைச்சு, அடுத்த பக்கம் போய் மறுபடியும் வித்து விடும்.

செடி சும்மா இருக்காது. குழாய்க்குப் பக்கத்துல இருக்கிற உயிருள்ள செல்கள் பலூன் மாதிரி குழாய்க்குள்ள புடைச்சு, பிசின் மாதிரி ஒண்ணைச் சுரந்து வழியை அடைக்கப் பார்க்கும். சீக்கிரமா அடைச்சா பூஞ்சை அங்கயே மாட்டிக்கும். லேட்டா அடைச்சா பூஞ்சை மேல போயிடும், அடைப்பு மட்டும் மிஞ்சும். தண்ணி கீழ நிக்கும், இலை மேல காயும். மாமாவோட கேள்விக்கு இதுதான் பதில். அவர் கூடுதலாப் பாய்ச்சின தண்ணியால ஒரு பிரயோஜனமும் இல்ல. வாய்க்கால் வழியா அந்த வித்துகள் அடுத்த பாத்திக்குப் போகத்தான் அது வழி.

இன்னொரு விஷயம் தெரிஞ்சதும் எனக்குத் தூக்கம் போச்சு. இந்தப் பூஞ்சை தடிச்ச சுவர் கொண்ட ஒரு வகை வித்தையும் உண்டாக்கும், கிளாமிடோஸ்போர்னு பேர். ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு அளவுதான். ஆனா அந்தத் தடிச்ச சுவருக்குள்ள, வாழையே இல்லாத மண்ணுல கூட அது இருபது வருஷத்துக்கும் மேல காத்துக்கிட்டு இருக்கும்.

இது எங்க ஊருக்குப் புதுசும் இல்ல. இந்தப் பூஞ்சையில பல இனங்கள் உண்டு. இனம் 1, போன நூற்றாண்டுல மத்திய அமெரிக்காவோட குரோ மிஷேல் வாழைத் தோட்டங்களை அழிச்சது. அதுக்கு மாற்றா வந்ததுதான் கேவண்டிஷ் வகை. இனம் 1 அதை ஒண்ணும் பண்ணாதுன்னு உலகமே நம்புச்சு. நம்ம ஜி-9-உம் கேவண்டிஷ்தான். ஆனா திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள், அதே இனம் 1 கேவண்டிஷைத் தாக்குறதை 2010-ல அறிவிச்சாங்க. அவங்க பார்த்த இடம் எங்க தேனி மாவட்டம்.

ஏன் ஒரு மரத்துக்கு வந்தா தோட்டமே பயப்படணும்? அதுக்கும் செல்லுக்குள்ளதான் பதில் இருக்கு. காட்டு வாழையோட செல்லுல 22 குரோமோசோம். பதினொண்ணு பதினொண்ணா ரெண்டு தொகுதி. ஜி-9ல 33, மூணு தொகுதி. மூணைச் சமமா ரெண்டாப் பிரிக்க முடியாது, அதனால விதை உருவாகாது. விதை இல்லாததாலதான் நமக்குச் சாப்பிடச் சுகமா இருக்கு. ஆனா ஒவ்வொரு கன்னும் தாய் மரத்தோட நகல். ஒரே கோடை ஆயிரம் மெஷின்ல ஓட்டுற மாதிரி: ஒண்ணுல இருக்கிற ஓட்டை எல்லாத்துலயும் இருக்கும்.

என் காகித நுண்ணோக்கியை வெச்சு "இது இந்த நோய்தான்"னு நான் தீர்ப்பு சொல்லலை. சொல்லவும் முடியாது. பூஞ்சையைத் தனியா வளர்த்து, மரபணுச் சோதனை செஞ்சுதான் இனத்தை உறுதி பண்ணுவாங்க. மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பினோம், வாடல்னு உறுதியாச்சு. ஆனா முடிவு வர்ற வரைக்கும் கன்னு எடுக்காம மாமாவை நிறுத்தி வெச்சது அந்த அடைபட்ட ஓட்டைகள்தான். லென்ஸ்ல கண்ணை வெச்சு ரொம்ப நேரம் பார்த்துட்டு, "அப்ப கன்னுக்குள்ளயும் இது இருக்குமாடா?"ன்னு மட்டும் கேட்டார். இருக்கலாம் மாமான்னேன். அவர் ஒண்ணும் பேசலை.

நோய் மரங்களைக் கிழங்கோட தோண்டி அழிச்சு, குழியில சுண்ணாம்பு போட்டாங்க. மீதித் தாரை வெட்டின பிறகு அந்த நிலத்துல இப்ப நெல். வயல்ல தண்ணி கட்டி நிறுத்தினா காத்து இல்லாம பூஞ்சை குறையும். அடியோட போகாது, குறையும். குத்தகை நிலத்துக்குப் பரிசோதிச்ச திசு வளர்ப்புக் கன்னு வாங்கினார். செலவு கூடத்தான். வரப்பு முனையில ஒரு வாளித் தண்ணி வெச்சிருக்கார். யார் வந்தாலும், "செருப்பைக் கழுவிட்டு இறங்கு மாப்ள"ங்கிறார். என்னையும் சேர்த்துத்தான்.

முடிக்கிறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு வேலை. பாதி பழுத்த வாழைப்பழத்தை ஒரு கண்ணாடித் துண்டுல லேசாத் தேய்ங்க. முதலுதவிப் பெட்டியில இருக்கிற பெட்டாடின்ல ஒரு சொட்டைத் தண்ணியில கலந்து அது மேல விடுங்க. ஃபோல்ட்ஸ்கோப்போ, பழைய ஸ்கூல் நுண்ணோக்கியோ கிடைச்சா பாருங்க. பை மாதிரி செல்கள், அதுக்குள்ள கருநீலமா மாவுச்சத்து மணிகள். ரெண்டு நாள் கழிச்சு அதே சீப்புல நல்லாப் பழுத்ததை எடுத்து மறுபடி பாருங்க. மணிகள் குறைஞ்சிருக்கும், பழம் இனிச்சிருக்கும். அது எங்க போச்சுன்னு எனக்கு எழுதுங்க.

அடுத்த வாரம் பெங்களூர்ல இருந்து சந்திப்போம்.