சுரபுன்னைக் காடு காப்பாற்றியதா?



தேவனாம்பட்டினம் கடற்கரையில் அறிவியல் பேசச் சொன்னால் எனக்கு ஒரு கேள்விதான் முதலில் வருகிறது. 2004 டிசம்பர் 26 அன்று பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு ஊர்களைக் காப்பாற்றியதா? கடலூர் மாவட்டத்தில் மட்டும் அன்று 600 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்த மணலில் அதை நான் விளக்க வேண்டியதில்லை.

'காப்பாற்றியது' என்பதுதான் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி வரைக்கும் போய்விட்ட பதில். அதற்கு ஆதாரமும் இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் கதிரேசனும், அவரோடு ராஜேந்திரனும் 18 குப்பங்களைக் கணக்கெடுத்தார்கள். மரங்கள் இருந்த இடத்தில் சாவு குறைவு என்று 2005இல் எழுதினார்கள். அதே ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வந்த இன்னொரு கட்டுரையும் இதே மாவட்டத்தை வைத்து மரங்கள் இருந்த இடத்தில் சேதம் குறைவு என்றது.

மறு ஆண்டே கெர், பெயர்டு, கேம்ப்பெல் என்ற மூவர் அந்த 18 ஊர்க் கணக்கை எடுத்து மறுபடி போட்டுப் பார்த்தார்கள். ஊருக்கு ஊர் சாவில் இருந்த வித்தியாசத்தில் 87 சதவீதத்தைக் கடலிலிருந்து இருந்த தூரமும் தரையின் உயரமுமே விளக்கிவிட்டன. காட்டின் பரப்பைச் சேர்த்ததால் கூடியது ஒரு சதவீதம்கூட இல்லை.

இது எப்படி? டியூஷன் போன பையன் பாஸாகிறான். பாஸ் போட வைத்தது டியூஷனா, டியூஷனுக்கு அனுப்ப முடிந்த வீடா? அதே சிக்கல்தான் இங்கேயும். சுரபுன்னை திறந்த கடல் முன்னால் வளராது, உப்பனாற்று ஓரச் சேற்றில்தான் வளரும். அதன் பின்னால் இருக்கும் ஊர் எப்படியும் கடலை விட்டுத் தள்ளித்தான் இருக்கும். சாதாரண அலை சில நொடியில் உடைந்துவிடும். சுனாமியோ நிமிடக் கணக்கில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே வரும். புயல் அலையை மட்டுப்படுத்தும் காடு இதையும் அதே அளவுக்கு மட்டுப்படுத்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. வாதம் அதோடு முடியவில்லை. முதலில் எழுதியவர்கள் பதில் எழுதினார்கள், வேறு ஆய்வாளர்களும் உள்ளே வந்தார்கள். அறிவியல் இப்படிச் சண்டை போடுவது எனக்குப் பிடிக்கும்.

ஆனால் இரண்டு தரப்புமே தொடாமல் விட்ட இடம் ஒன்று உண்டு. 'தூரம்' என்று ஒரு பத்தி போட்டு மீட்டரில் நிரப்பினார்கள். அந்தத் தூரம் எங்கிருந்து வந்தது? கடலோரத்தில் மீனவர் குப்பம், பெரும்பாலும் அதற்கு மேற்கே சேரி, காட்டு வாய்க்கால்களின் ஓரத்தில் இருளர் குடிசைகள். யார் எங்கே வீடு கட்டலாம் என்பதை அலை வருவதற்கு வெகு காலம் முன்பே சாதி அளந்து வைத்திருந்தது. உயிர்ச்சேதம் மீனவர்கள் மேல் அப்படி இறங்கியதற்கும், மற்றவர்களின் இழப்பு கணக்கில் வராமல் போனதற்கும் வேர் ஒன்றுதான். படகு எத்தனை, வலை எத்தனை என்று கேட்ட படிவத்தில், சேற்றுக்குள் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளப் பெண் என்ன எழுதுவார்? மீன் கூடை சுமந்த தலித் பெண் எதைக் காட்டுவார்? நிவாரணத்தில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்திருக்கின்றன.

மீனவர்களுக்கு வந்தது வேறு விதம். 2005 மார்ச்சில் அரசாணை 172 வந்தது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு சேதமானவர்கள் அந்தக் கோட்டைத் தாண்டிப் போனால் இலவச வீடு, போகாவிட்டால் பழுது பார்க்க அரசு உதவி கிடையாது. ஆய்வில் எண்ணாக இருந்த தூரம் இங்கே நிபந்தனையாக மாறியது. கடலைப் பார்த்தபடி இருந்தால்தான் தொழில் என்பவர்களிடம் அதைச் சொன்னார்கள்.

காடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இறாலுக்கும் நண்டுக்கும் அதுதான் வீடு. அந்த 18 வரி அட்டவணையில் இன்னொரு பத்தி சேர்த்து, யார் எந்த ஊரில், எந்தத் தெருவில் இருந்தார்கள் என்று நிரப்பிவிட்டுக் கணக்கை மறுபடி போட்டால் என்ன வரும் என்று பார்க்க எனக்கு ஆசை. அதை வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் தனியாக நிரப்ப முடியாது.

நேரம் ஆகிவிட்டது. கேள்வி நேரத்தைக் கிள்ளைப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் தோழர்கள் தொடங்கட்டும்.