கெளுத்திக் குஞ்சின் முதல் இரை: மாத்தளை மாவட்ட நன்னீர் மீன் வளர்ப்புக் கருத்தரங்கின் தலைமை உரை



நக்கிள்ஸ் மலைச்சரிவுகளில் தொடங்கித் தம்புள்ளையின் உலர்நிலம்வரை பரந்து, கண்டலம, போவத்தென்ன ஆகிய நீர்த்தேக்கங்களோடு 2017இல் நீர் நிரப்பத் தொடங்கிய மொரகஹகந்தவையும் கொண்டுள்ள மாத்தளை மாவட்டம், நன்னீர் மீனியல் ஆய்வுக்கு மிகவும் ஏற்ற களமாகும். இலங்கைக் குளங்களில் 1952இல் திலாப்பியா விடப்பட்டதோடு வளர்ச்சி கண்ட உள்நாட்டு மீன்பிடி, 1990இல் அரச ஆதரவு விலக்கப்பட்டபோது தளர்ந்து, 1994க்குப் பின் மீண்டும் தலையெடுத்தது. 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகார சபை அமைந்தது. அதன் தம்புள்ளை நிலையம் குளங்களில் விடுவதற்கான மீன்குஞ்சுகளை உற்பத்தி செய்து வருகிறது.

எனினும் இந்த முயற்சிகள் பெரும்பாலும் திலாப்பியாவையும் கெண்டை இனங்களையுமே சார்ந்துள்ளன. சிங்களத்தில் ஹுங்கா எனப்படும் தேளி, இலங்கைக்கே உரிய மகுரா, வாளை ஆகிய உள்நாட்டுக் கெளுத்தி வகைகள் வளர்ப்பில் உரிய இடத்தைப் பெறவில்லை. அவற்றின் குஞ்சு வளர்ப்பே இக்கருத்தரங்கு முதன்மையாக ஆராய வேண்டிய பொருளாகும்.

தேளியும் மகுராவும் செவுள்களோடு காற்றுச் சுவாச உறுப்பும் உடையவை. ஆகவே உயிர்வாயு குறைந்த சேற்று நீரிலும் அவை பிழைத்துக்கொள்கின்றன. வளர்ந்த மீனின் இந்த உறுதியைக் கண்டு அதன் குஞ்சும் எத்தகைய நீரையும் தாங்கும் என எண்ணுவதே வளர்ப்பில் நேரும் பெரும் பிழை. பொரித்த குஞ்சு மூன்று நான்கு நாள்களுக்குத் தன் மஞ்சட்கருவைக் கொண்டே வாழ்கிறது. அது தீர்ந்ததும் வாய் திறந்து வெளி இரையைத் தேடுகிறது. காற்றுச் சுவாசமோ ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு நாள்களுக்குப் பின்னரே தொடங்குகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நாள்களில் குஞ்சு உண்ணவும் வேண்டும், நீரில் கரைந்த உயிர்வாயுவை மட்டுமே நம்பிச் சுவாசிக்கவும் வேண்டும். மிஞ்சிய தீவனம் அடியில் அழுகி அந்த உயிர்வாயுவைக் குறைத்துவிடுமாதலால், இரையின் அளவும் நீரின் தூய்மையும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை.

ஆகவே முதல் இரை உயிருள்ளதாக இருப்பதே நலம். உப்புநீரில் ஒரு நாளளவில் பொரிக்கும் ஆர்ட்டீமியா என்ற நுண்ணிறாலின் குஞ்சுகளும், சாணமோ கோழி எருவோ இட்ட தொட்டியில் பெருகும் மொய்னா என்ற நீர்த்தெள்ளும் நீரில் உயிரோடு நீந்தும்வரை அழுகுவதில்லை. பின்னர் மீன்தூள், சோயா, தவிடு, புண்ணாக்கு ஆகியவற்றை அரைத்துச் சலித்த நுண்தீவனத்துக்குக் குஞ்சுகளைச் சிறிது சிறிதாகப் பழக்கலாம். ஒளியை வெறுத்துத் தொட்டியின் இருண்ட மூலைகளில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும் இயல்புடைய இக்குஞ்சுகளுக்கு நிழலும் அந்திப்பொழுது இரையும் ஏற்றவை. காற்றுக்காக மேலெழத் தொடங்கும்போது களைப்படையாதிருக்க, நீர் அரையடிக்கு மேற்படாதிருத்தல் வேண்டும். பெரியவை சிறியவற்றை விழுங்கும் இயல்புடையவையாதலால், அளவுவாரியாகப் பிரித்தலும் இன்றியமையாதது.

விரைவில் பருக்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்த்தால் போதாதா என்ற கேள்வி எழலாம். அது உள்நாட்டு மீன்களை வேட்டையாடிப் பெருகுவதால், இந்தியாவில் 2000ஆம் ஆண்டிலேயே தடைசெய்யப்பட்டது. ஒரு குளம் நிரம்பி வழிந்தால் அதன் மீன் அடுத்த குளத்தை அடையும் வகையில் நீர்நிலைகள் இணைந்துள்ள இம்மாவட்டத்தில், அத்தகைய இனம் ஒருமுறை தப்பினால் மீட்க வழியில்லை. தன் நீருக்கு உரிய மீனை வளர்க்கக் கற்பதே காவலும் வருவாயும் ஆகும்.

எனவே உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டு மொய்னாவை மலிவாகப் பெருக்கும் முறை, மலையடிவாரத்தின் குளிர்ந்த நீரும் தம்புள்ளையின் வெதுவெதுப்பான நீரும் குஞ்சின் வளர்ச்சியில் உண்டாக்கும் வேறுபாடு, தோட்டப்புற இளைஞர்களும் சிறு தொட்டிகளில் பழகத்தக்க பயிற்சி ஆகிய மூன்றும் இங்கு முறையாக ஆராயப்படுதல் வேண்டும். முடிவுகள் சிங்களத்திலும் தமிழிலும் எளிய கையேடுகளாக வளர்ப்போரின் கைக்கு எட்டும்போதே இவ்வாய்வின் பயன் முழுமையடையும். அந்நோக்கத்தை முன்வைத்து இக்கருத்தரங்கு தொடங்கிவைக்கப்படுகிறது.