கண் காத்த கொடை
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



ஆறு உள்ள இடத்தில் ஊர் செழிக்கும் என்பதை நாம் அறிவோம். ஆனால் மேற்கு ஆபிரிக்காவிலே, வளமான ஆற்றங்கரையைக் கைவிட்டு, விளைச்சல் குன்றிய மேட்டு நிலத்துக்கு மக்கள் குடிபெயர்ந்த காலம் ஒன்றிருந்தது. கண்ணைப் பறிக்கும் ஒரு வியாதியே அதற்குக் காரணம். ஆற்றுக் குருடு என்பது அதன் பெயர். விரைந்தோடும் நீரில் பெருகும் சிறிய கரிய ஈ கடிக்கும்போது நுண்ணிய புழுக்கள் உடலிற் புகுகின்றன. அவை ஈனும் குஞ்சுகள் தோலிலும் கண்ணிலும் பரவித் தாங்கொணாத சொறியைத் தந்து, ஈற்றிற் பார்வையையும் அழிக்கின்றன. கண்ணிழந்த முதியவரைக் கோலின் நுனி பிடித்துச் சிறுவன் ஒருவன் அழைத்துச் செல்வான். அச்சிறுவனுக்குப் பள்ளிக்கூடம் ஏது?

யப்பானிய மண்ணிலே சதோஷி ஓமுரா கண்டெடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து ஐவர்மெக்ரின் என்னும் மருந்து பிறந்தது. அவரும், அவருடன் இத்துறையில் உழைத்த வில்லியம் காம்பெல்லும் 2015 இல் நோபல் பரிசு பெற்றனர். இவ்வியாதிக்கு வேண்டிய மட்டும், வேண்டிய காலம் வரை அம்மருந்தை இலவசமாகத் தருவதாக மேர்க் என்ற அமெரிக்கக் கம்பனி 1987 இல் அறிவித்தது.

கொடை கிடைத்தது, ஆனால் வீதியும் வைத்தியரும் இல்லாத ஊருக்கு அதைச் சுமந்து செல்பவர் யார்? ஊரவரே கூடித் தம்முள் சிலரைத் தெரிந்தெடுத்தனர். அவர்கள் வீடு வீடாகச் சென்று பெயர் பதிந்தார்கள். நிறுக்கத் தராசு தேவைப்படவில்லை. அடையாளமிட்ட ஒரு கோலால் உயரத்தை அளந்து, ஒன்று முதல் நான்கு வரை குளிசை கொடுத்தார்கள்.

இன்னுமொன்று, நண்பர்களே! இம்மருந்து குஞ்சுகளைக் கொல்லுமேயன்றித் தாய்ப்புழுவைக் கொல்லாது. தாய்ப்புழுவோ பத்து, பதினைந்து ஆண்டு வாழும். ஆகவே ஆண்டு தவறாமல் மருந்து கொடுத்து வரவேண்டும். இழந்த பார்வையை அது மீட்காது. இருக்கும் பார்வையைக் காக்கும். அவ்வாறு பொறுமையுடன் உழைத்ததன் பயனாக, 2013 இல் கொலம்பியாவும், 2025 இல் ஆபிரிக்காவில் முதன்முதலாக நைஜரும் இந்நோயை ஒழித்த நாடுகளென உலக சுகாதார ஸ்தாபனம் ஏற்றுக்கொண்டது.

நாமோ ஒரு நாட் சிரமதானம் செய்து, படமும் பிடித்துக்கொண்டு, மறு வருடம் அந்த ஊரையே மறந்துவிடுகிறோம். இதை என்னையும் சேர்த்தே சொல்லுகிறேன். கொடுப்பதற்குப் பெருஞ்செல்வம் நம்மிடம் இல்லாதிருக்கலாம். ஆனால் கோலொன்றைக் கையிலேந்தி, பதினைந்து ஆண்டுகள் அதே படலையைத் தட்டுவதற்குச் செல்வம் வேண்டியதில்லை, மனம் வேண்டும். அந்த மனம் நமக்குண்டாவதாக!