தேறுகின்ற தேகம்

ரண சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பிய ஒருவரைப் பார்க்கச் செல்லும் நம்மவர்கள், கையில் மைலோ டின்னும் ஆரஞ்சுப் பழங்களுமாக (அவற்றை அவர் சாப்பிடலாமா என்ற விசாரணை பிற்பாடுதான்) வாசற்படியைத் தாண்டியவுடன் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: எப்போது வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார்? கேட்பவர் நெஞ்சில் அன்புக்குக் குறைவில்லை. ஆயினும் அக்கேள்வியின் வேர் நம் கெடா மாநிலத்துத் தோட்டங்களிலே இருக்கிறது. பீடோங், லூனாஸ், பாடாங் செராய், கூலிம் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில், பொழுது விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது நின்றவன் வேலையாள், நிற்காதவன் சீக்காளி. இவ்விருவருக்கும் இடையே, தேறிக்கொண்டிருப்பவன் என்று மூன்றாவது மனிதன் ஒருவன் உண்டென்பதை, வருகையைப் பதியும் செக்ரோல் புத்தகம் ஒப்புக்கொண்டதில்லை. நாட்கூலியை நம்பியிருந்த குடும்பத்தாலும் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. காயம் ஆறுவதன் நிதானத்தை நம் பால்மரத் தொழிலாளரைப்போல் அறிந்தவர் யார்? உளி சற்று ஆழமாக இறங்கி மரத்தைத் தொட்டுவிட்டால் அவ்விடம் முண்டும் முடிச்சுமாய் வளரும் என்பதையும், ஒழுங்காகச் சீவிய பட்டைகூட மறுபடி வெட்டுக்கு ஏற்றபடி தடிக்கப் பல வருஷங்கள் பிடிக்கும் என்பதையும் அவர்கள் கைப்பழக்கத்தாலேயே அறிந்திருந்தார்கள். மனிதத் தோலும் அவ்வாறே. அறுத்துத் தைத்த இடம் முதல் வாரத்தில் ஏறக்குறையத் தையலின் பலத்தாலேயே நிற்கிறது. மூன்று மாதம் கழிந்த பின்னும், பழைய தோலின் பலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்குமேல் தழும்பு எட்டுவதில்லை. மரத்துக்குக் காட்டிய பொறுமையைத் தம் உடம்புக்குக் காட்டும் வசதி அந்தத் தலைமுறைக்கு வாய்க்கவில்லை. நமக்கு ஓரளவு வாய்த்திருக்கிறது.

ஆகவே, தேறுகிற நாட்களைக் கணக்கிடக் கற்றுக்கொள்ள வேண்டும். வயிற்றிலே பெரிய சிகிச்சை நடந்தால் குடல் சிலநாள் அசைவற்று உறங்கிவிடுவது இயல்பு. அதனால்தான் காலையில் சுற்றிவரும் டாக்டர், சபை நாகரிகம் பாராமல், காற்றுப் பிரிந்ததா என்று கேட்கிறார். "பிரிந்தது" என்று நோயாளி நாணத்தோடு சொல்லும் அந்த ஒரு சொல், கஞ்சிக்கும் வீட்டுக்கும் வழி திறக்கிற நற்செய்தியாகும். குடும்பத்தார் கூச்சமின்றிச் சந்தோஷப்படலாம். மூன்று சிறு பந்துகள் அடைத்த பிளாஸ்டிக் கருவியை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுக்கும்போது, நேற்று ஒரு பந்து எழுந்தது, இன்று இரண்டாவதும் எழுந்தது என்றால், நுரையீரலின் அடிப்பாகம் விரிகிறது, நிமோனியா வருவதற்குரிய அபாயம் குறைகிறது என்று பொருள். அது விளையாட்டன்று. வீடு வந்தபின், சட்டைப் பொத்தானைத் தானே மாட்டுவதும், கைலியைத் தானே கட்டுவதும், பிறர் கைப்பிடிக்காமல் குளியலறைக்குப் போய்வருவதும், அடுத்த வீட்டு வேலிவரை நடப்பதும் ஒவ்வொன்றும் ஒரு ஜெயமே.

அலோர் ஸ்டாரில் பிறந்து, 1957-இல் அவ்வூரிலேயே கிளினிக் திறந்த டாக்டர் மகாதீரை நினைத்துப் பாருங்கள். பிரதமராயிருந்த அவர் 1989 ஜனவரியில் அயல்நாடு செல்லாமல் கோலாலம்பூர் பொது மருத்துவமனையிலேயே இருதய சிகிச்சை செய்துகொண்டார். 2007-இல், தம் 82-ஆம் வயதில், மீண்டும் அதே சிகிச்சை. அதன்பின் புண்ணில் கிருமி தொற்றி, தேறுதல் நீண்டது. 2018-இல் 92 வயதில் அவர் மறுபடி பிரதமரானதை உலகம் பேசுகிறது. மார்பெலும்பைப் பிளந்து செய்யும் சிகிச்சையில் அந்த எலும்பு கூடுவதற்கே 6 முதல் 12 வாரங்கள் ஆகும் என்பதையோ, அதற்குள் எத்தனை சின்னஞ்சிறு அடிகள் எடுத்துவைக்க வேண்டும் என்பதையோ யாரும் பேசுவதில்லை. பதவியும் வைத்தியப் படிப்பும் எலும்பை அவசரப்படுத்தா.

பத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெல்வயல் சூழ்ந்த நம் மாநிலத்தில் மலாய்க்காரர்கள் ஹாருவான் என்றழைக்கும் விரால் மீனின் சாற்றைப் புண் ஆற்றும் உணவாகக் கொடுப்பது வழக்கம். புண் ஆறப் புரதம் அவசியமாதலால் அதில் குற்றமில்லை. முட்டையும் மீனும் ஆகாவென்று விலக்கி, ரசமும் சோறுமாகவே மாதக்கணக்கில் வைத்திருக்கும் நம் பாட்டிமார் பத்தியத்தைத்தான் நான் ஏற்பதற்கில்லை. சர்க்கரை வியாதி இந்நாட்டு இந்தியரிடையே மிகுதியாதலால், அதைக் கட்டுக்குள் வைத்த ஒரு நாளையும் வெற்றிகளோடு சேர்த்தெண்ண வேண்டும்.

வீட்டுச் சுவரில் தொங்கும் குதிரைக் காலண்டரின் பெரிய கட்டங்கள் இந்த வெற்றிகளைக் குறித்துவைக்க மிக வசதி. அன்றன்று முடிந்ததை அதில் ஒரு வரி எழுதி வையுங்கள். பேரப்பிள்ளை எழுதினால் இன்னும் விசேஷம். முந்தாநாளைவிட நேற்றுக் குறைந்திருந்தால் அதையும் எழுதுங்கள், ஏனெனில் தேறுதல் ஏறியும் இறங்கியுமே செல்லும். ஆனால் உடம்பு நன்றாயிருக்கிறது என்று தோன்றிய முதல் நாளிலேயே கேஸ் தோம்பைத் தூக்கி, தையலைப் பிரித்துக்கொண்டு மறுபடி வார்டுக்குச் செல்லும் வீரத்தை மட்டும் காலண்டரில் எழுதும்படி ஆகிவிடக் கூடாது. காய்ச்சல் கண்டாலோ, புண் சிவந்து சீழ் கசிந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, குறித்துத் தந்த தேதிவரை காத்திராமல் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.