மாத முடிவில் வரும் கணக்கு

கைத்தொலைபேசிக்கு முற்பணம் கட்டியவன் கையிருப்புத் தீர்ந்ததும் பேச்சை நிறுத்துகின்றான். அது தொல்லையே, ஆயினும் அதிர்ச்சியன்று. மாதக் கட்டண ஒப்பந்தக்காரனோ முதலிற் செலவழித்துப் பின்னரே தொகையை அறிகின்றான். அயல்நாட்டிலிருந்தபோது தொலைபேசியில் இணையத்தைப் பார்த்த ஐரோப்பியர் பலர், வீடு திரும்பியபின் வந்த பில்லைக் கண்டு திகைத்தனர். ஆதலால் ஐரோப்பிய ஒன்றியம், 2010 ஜூலை முதலாந் திகதி தொட்டு, வாடிக்கையாளர் வேறு வரம்பு கேட்டிராவிடில், அவ்விணையச் செலவை வரி நீங்கலாக மாதம் 50 யூரோவுடன் நிறுத்த வேண்டுமென விதித்தது. வரம்பில் 80 சதவீதத்தை எட்டும்போதே எச்சரிக்கையும் அனுப்பவேண்டும். முற்பணக்காரனுக்கு இயல்பாகவே அமைந்த வேலியை மற்றவனுக்குச் சட்டமியற்றிக் கட்ட வேண்டியிருந்தது விந்தையே. ஆனால் முற்பணக்காரனுக்கும் மனக்குறையுண்டு. குறித்த நாளுக்குள் பேசித் தீராத மீதி பல நாடுகளிற் காலாவதியாகிவிடுகின்றது. அதைக் காட்டி முறையிட அவன் கையில் மாதாந்தப் பில்லுமில்லை.