பறையும் விளம்பரப் பலகையும்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

விழாக் குழுவினர் எனக்களித்த தலைப்பு 'கலையும் சமுதாயமும்' என்பதாகும். அது பெருங்கடல். அக்கடலின் ஒரு கரையில் மட்டும் நின்று பேச விழைகின்றேன். காரணம், சென்ற தை மாதத்தில் நம் இரவுப் பாடசாலைப் பறைக்குழுவிற்குள் எழுந்த பிணக்கு. அதை இங்குள்ளோர் பலரும் அறிவீர்கள். அறியாதவர்களுக்காகச் சுருங்கக் கூறுகிறேன்.

பக்கத்து ஊரில் துணிக்கடை ஒன்று திறந்தார்கள். மூன்று மாலைகள் கடை வாயிலில் நம் தம்பியர் பறை இசைக்க வேண்டும், அதைப் படம் எடுத்து உள்ளூர்த் தொலைக்காட்சியில் விளம்பரமாகக் காட்டுவோம் என்று அழைத்தார்கள். நல்ல தொகையும் பேசினார்கள். குழுவில் எண்மர். அறுவர் சென்றனர்; இருவர் மறுத்து, குழுவை விட்டே விலகினர். "மேடையில் சாதி ஒழிக என்று பாடிவிட்டுக் கடை வாசலில் புடவைக்கு அடிப்பதா? நாம் விலைபோய்விட்டோம்" என்பது அவ்விருவரின் சொல். சென்றவர்களில் ஒரு தம்பி அந்தப் பணத்தில் தன் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டினான். அவன் என்னிடம் வந்து, "ஐயா, நான் செய்தது தவறா?" என்று கேட்டான். அன்று நான் அவனுக்கு நேரான விடை தரவில்லை. அந்தக் கடனைத்தான் இன்று தீர்க்க முற்படுகிறேன்.

விளம்பரம் என்பது நம் மக்களுக்குப் புதியதன்று. இந்நாட்டின் பழைய விளம்பரக்காரர்கள் நாம்தாம். ஏரி ஏலம், வரிக்கெடு, ஊர்க்கூட்டம், மாடு காணாமற்போனது, எதுவாயினும் பறையை அறைந்து தெருத்தெருவாகச் சொல்ல வேண்டியவர் நம் பாட்டனார். அதற்குக் கூலி, அறுவடையின்போது களத்தில் அளந்து போடும் தவசம். போட்டால் உண்டு. மறுக்கும் உரிமை மட்டும் ஒருபோதும் இல்லை. இந்தத் தண்டோரா முறைக்குத் தடை விதிக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளராயிருந்த வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியது எப்போது தெரியுமா? 2022 ஆகஸ்டில். நாடு விடுதலை பெற்று 75 ஆண்டுகள் முடியும் தறுவாயில்!

ஆகவேதான் நம் முன்னோர் பறையைக் கீழே வைத்தார்கள். நம் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் தந்த பெருமகனார் எல். இளையபெருமாள், பின்னாளில் தீண்டாமை பற்றிய அகில இந்தியக் குழுவிற்குத் தலைமை தாங்கியவர், இப்பகுதியில் பறையடிக்கும் கட்டாயத்தை எதிர்த்துப் போராடியவர். என் தந்தையாரும் அக்காற்றில் வளர்ந்தவரே. பாட்டனார் பரணில் வைத்திருந்த பறையை அவர் கடைசிவரை தொடவில்லை. ஊரை விட்டு இங்கு வந்து பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தார். கூலி குறைவுதான். ஆனால் வாரக் கடைசியில் எண்ணி வாங்கும் கூலி. அந்த வேறுபாட்டின் அருமை, களத்து மேட்டில் கையேந்தி நின்றவர்களுக்கே புரியும்.

பின்னர் வந்த தலைமுறை அதே பறையைத் தலை நிமிர்ந்து கையில் எடுத்தது. கவிஞர் இன்குலாபின் 'மனுசங்கடா' பாடலை முனைவர் கே.ஏ. குணசேகரன் ஊர் ஊராகப் பாடிச் சென்றார். 2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் இசைக்குழு அரங்கேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக் கலைஞர் தென்மாவும் கைகோத்து உருவாக்கிய குழு அது. 'சாதியற்ற தமிழர்' என்று பண்டிதர் அயோத்திதாசர் வழங்கிய சொல்லே அப்பெயருக்கு வேர். கானாவும் பறையும் சட்டியும் மேனாட்டுக் கருவிகளும் ஒரே மேடையில் ஒலித்தன. இடஒதுக்கீட்டைப் பற்றியும் மாட்டிறைச்சியைப் பற்றியும் கூச்சமின்றிப் பாடினார்கள். அம்மேடையில் எழுந்த குரல்களுள் ஒன்று அரக்கோணத்துத் தம்பி தெருக்குரல் அறிவினுடையது.

அவர் செய்த ஒரு செயலே நம் வினாவிற்கு உரைகல் என்று கருதுகிறேன். 2023இல் 'கோக் ஸ்டூடியோ தமிழ்' என்னும் இசைத் தொடர் வெளிவந்தது. அதில் கதீஜா ரஹ்மானுடன் சேர்ந்து அறிவு 'சகவாசி' என்னும் பாடலைப் பாடினார். எல்லா உயிரோடும் கூடி வாழ்வதைச் சொல்லும் பாட்டு அது. 'இந்தப் பானத்தைக் குடியுங்கள்' என்று அவர் எங்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லை; நிகழ்ச்சியின் பெயரிலேயே பானத்தின் பெயர் இருக்கிறது. பாட்டைப் புகழ்கிறவன் பானத்தின் பெயரைச் சொல்லாமல் புகழ முடியாது. இது விளம்பரங்களிலேயே நுட்பமான விளம்பரம்.

அந்தப் பானம் எது? கேரளத்துப் பாலக்காடு மாவட்டம் பிளாச்சிமடையில் நிலத்தடி நீர் வற்றிக் கெட்டுப் போயிற்று என்று 2002இல் ஆதிவாசி மக்கள் ஆலை வாயிலில் அமர்ந்தார்களே, எழுத்தறியாத மயிலம்மா தலைவியாக உருவெடுத்தாரே, 2004இல் அந்த ஆலை நின்றதே, அந்த நிறுவனத்தின் பானம். 2017இல் சல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூடு தணியுமுன், மார்ச் 1 முதல் அதை விற்கமாட்டோம் என்று நம் வணிகர் சங்கங்களே அறிவித்த பானம். உயிர்கள் கூடி வாழ்வதைப் பற்றிய பாட்டு அந்தப் பெயரின் கீழ் ஒலித்தபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மனம் ஒப்பவில்லை. இன்றும் ஒப்பவில்லை.

ஆயினும் அறிவைத் துரோகி என்று சொல்ல என் நா எழவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அதே தொடரில் கருநாடக இசை மேதை சஞ்சய் சுப்ரமணியனும் பாடினார். அவரை நோக்கி எவரும் 'விலைபோனீரா?' என்று கேட்டதாக நான் அறியேன். ஏ.ஆர். ரஹ்மான் 'ரோஜா' படத்திற்கு முன்பு விளம்பரங்களுக்கு இசையமைத்தே வளர்ந்தவர். 2002இல் ஒரு தொலைபேசி நிறுவனத்திற்கு அவர் தந்த மெட்டு நாடெங்கும் ஒலித்தது. நாம் மகிழ்ந்தோம். நம் வீட்டுப் பிள்ளை நான்கு காசு வாங்கும்போது மட்டும் கொள்கை ஏன் குறுக்கே வருகிறது? நம்மவன் என்றால் வறுமையில் இருந்தால்தான் உண்மையானவன் என்று நாமே எண்ணத் தொடங்கிவிட்டோமா? கூலியில்லாமல் அடித்த பாட்டனாருக்கு நாம் செய்யும் மரியாதை, பேரன் கூலி வாங்கக்கூடாது என்பதா?

விலகிச் சென்ற தம்பியர் இதற்கு விடை வைத்திருக்கிறார்கள். "மற்றவர்கள் நமக்கு வாக்குக் கொடுக்கவில்லை, அறிவு கொடுத்தார், நாங்களும் கொடுத்திருக்கிறோம்" என்கிறார்கள். அதைத் தட்டிக் கழிக்க முடியாது. கலகப் பாடகனிடம் மக்கள் இசையை மட்டும் வாங்குவதில்லை, நம்பிக்கையையும் ஒப்படைக்கிறார்கள். அந்த நம்பிக்கையைத்தான் நிறுவனம் விலைக்குக் கேட்கிறது. குரல் இனிமை வேண்டுமென்றால் எத்தனையோ பாடகர் கிடைப்பார்கள்.

இது நம் நாட்டு வழக்கு மட்டுமன்று. அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் கில் ஸ்காட்-ஹெரான், புரட்சி தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகாது என்று 1970களின் தொடக்கத்தில் பாடியவர். அப்பாட்டிலே விளம்பரங்களைப் பெயர் சொல்லி எள்ளியவர். அவரே 1990களில் பிரிட்டனில் ஓர் ஆரஞ்சுப் பானத்தின் விளம்பரத்திற்குக் குரல் கொடுத்தார். 1977இல் இங்கிலாந்து அரசியை இகழ்ந்து பாடிய ஜான் லைடன் 2008இல் வெண்ணெய் விளம்பரத்தில் தோன்றினார். ஊர் சிரித்தது. அந்தப் பணத்தால்தான் தம் பழைய இசைக்குழுவை மீட்டெடுக்க முடிந்தது என்றார் அவர். குழுவும் மறு ஆண்டே மேடையேறியது. அந்த விடையை நான் மதிக்கிறேன். வெண்ணெய் யார் நீரையும் உறிஞ்சவில்லை என்பதும் என் நினைவில் இருக்கிறது.

இதற்கு நேர்மாறாக நடந்தவர் நம் சென்னையிலேயே உண்டு. விளம்பர நிறுவனத்தில் எழுத்தாளராகப் பணியாற்றியவர் சோபியா அஷ்ரப். அத்தொழிலில் கற்ற வித்தையைக் கொண்டே, 2015இல் கொடைக்கானல் வெப்பமானி ஆலையின் பாதரச நஞ்சைப் பற்றி யூனிலீவர் நிறுவனத்தின் பெயர் சொல்லிப் பாடினார். உலகெங்கும் அப்பாடல் பரவியது. 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்படிக்கை செய்துகொண்டது. தொழிலாளர் பதினைந்து ஆண்டுகள் விடாமல் போராடியதே அதற்கு அடிப்படை. பாட்டு கடைசித் தட்டு. ஆனால் அந்தத் தட்டைத் தட்டத் தெரிந்தவர் விளம்பரத்துறையிலிருந்து வந்தவர் என்பதை மறக்க வேண்டாம்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இது. பணம் வாங்கியதால் ஒருவன் விலைபோவதில்லை. பணம் கொடுத்தவனைப் பற்றி நாளைக்குப் பாட முடியாமற் போனால் அவன் விலைபோனான். கோக் ஸ்டூடியோவில் பாடிய அறிவு நாளை பிளாச்சிமடையைப் பற்றிப் பாட முடியுமா? முடியுமானால் அவர் நம்மவர். முடியாதெனில் அந்தப் பாட்டின் விலை மிகப் பெரிது. விடையை அவர்தாம் தரவேண்டும். நான் காத்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. அதுவே எனக்குப் பெரிதாகப்படுகிறது. மறுக்க வேண்டுமானால் முதலில் பொருள் நம்முடையதாக இருக்க வேண்டும். 1987இல் பீட்டில்ஸ் குழுவின் புரட்சிப் பாட்டை ஒரு காலணி நிறுவனம் விளம்பரத்தில் ஒலிக்கச் செய்தது. பாடியவர்கள் தரப்பு எதிர்த்து வழக்காடியது. பாட்டின் உரிமை வேறு கைகளில் இருந்தது. டாம் வெயிட்ஸ் என்னும் அமெரிக்கப் பாடகர் விளம்பரத்தில் பாடுவதில்லை என்று உறுதி பூண்டவர். ஒரு நொறுக்குத்தீனி நிறுவனம் அவர் குரலைப் போலவே பாடும் ஒருவரைப் பிடித்து விளம்பரம் செய்தது. அவர் வழக்குத் தொடுத்து 1990இல் ஏறக்குறைய 25 இலட்சம் டாலர் இழப்பீடு வென்றார். தன் குரல் தன் உடைமை என்று காட்ட அவருக்குச் சட்டமும் வழக்கறிஞரும் இருந்தன.

நமக்கு? 2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி' பாடலை எண்ணிப் பாருங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து வெறுங்கையுடன் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அறிவு எடுத்த சொற்கள் அவை. அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் அவர் எழுதிய பாடல்களைப் பாடியவர்களின் படம் வந்தது; அவர் படம் வரவில்லை. பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பின்னரே இணையப் பதிப்பின் அட்டையில் அவர் வந்தார். 2022 ஜூலை 28இல் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாடல் ஒலித்தபோதும் அவர் மேடையில் இல்லை. அவர் தம் வருத்தத்தை எழுதினார். இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தம் தரப்பு விளக்கத்தைத் தந்தார். யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று அளக்க நான் வரவில்லை. அந்தப் பாட்டால் தமக்குப் பணமே வந்து சேரவில்லை என்று அதே இசையமைப்பாளர் 2024 மார்ச்சில் கூறினார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டு! விலைபோனீரா என்று கேட்பதற்கு முன், விலையாவது கிடைத்ததா என்று கேட்க வேண்டிய நிலையில் நாம் இருக்கிறோம்.

என் தந்தையார் சூளையில் ஏற்றிய பொருள்கள் சிலவற்றின் அடியில் வாங்குகிற கடையின் பெயரைப் பொறித்து அனுப்புவார்கள். சிறுவனாக இருந்தபோது, "அப்பா, உங்கள் பெயர் எங்கே?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, கையில் இருந்த தீக்காயத்தைக் காட்டினார்.

துணிக்கடைக்கு வருகிறேன். கூலியைப் பற்றி எனக்குக் குறையில்லை, பேசியபடி கொடுத்தார்கள். ஆனால் நம் தம்பியரின் நீலத் துண்டைக் கழற்றச் சொல்லிச் சரிகை அங்கவஸ்திரம் போட்டார்கள். பறையின் தோலில் எழுதியிருந்த நம் கழகத்தின் பெயரைத் துணியால் மறைத்தார்கள். விளம்பரத்தில் 'பாரம்பரிய மேளம்' என்று எழுத்து ஓடியது. பறை என்ற சொல் அங்கே இல்லை. ஓசை வேண்டும், ஓசைக்குரியவன் வேண்டா! பாட்டனார் தலைமுறைக்கு நடந்ததும் இதுதானே? அன்று நம் அறுவரில் ஒருவராவது "துணியை எடுங்கள், இல்லையேல் அடிக்கமாட்டோம்" என்று சொல்லியிருந்தால், அவர்கள் போனதை நான் கைதட்டி வரவேற்றிருப்பேன். கட்டணம் கட்டிய தம்பிக்கு என் விடை இதுவே: போனது தவறன்று, துணியைப் பார்த்துக்கொண்டு அடித்ததுதான் என்னை உறுத்துகிறது. எனினும் பத்தொன்பது வயதில், கட்டணத்துக்குக் கடைசி நாள் நெருங்கும்போது, நான் மட்டும் என்ன செய்திருப்பேன் என்று உறுதி கூற என்னால் இயலாது.

மறுப்பும் நம் மரபுதான். இன்குலாப் மறைந்த பின் 2017இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது அறிவித்தார்கள். அவர் இருந்திருந்தால் ஏற்றிருக்கமாட்டார் என்று குடும்பத்தார் அதை வேண்டாமென்றனர். அவ்விரு தம்பியரும் அந்த வழியில் வந்தவர்களே. அவர்களை முரடர் என்று எவரும் பேசக் கேட்க நான் விரும்பவில்லை.

இப்போது வேறொரு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்துள்ளது. போவதா வேண்டாமா என்று முடிவு செய்ய, வரும் ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் பாடசாலையில் குழு கூடுகிறது. அந்நிறுவனத்திடம் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதியிருக்கிறேன்: பறை என்ற பெயர் வர வேண்டும், கழகத்தின் பெயர் மறைக்கப்படக் கூடாது, எடுத்த படத்தை எத்தனை நாள் காட்டுவார்கள், நம்மைக் கேளாமல் வேறெதற்கும் பயன்படுத்துவார்களா, அவர்களது ஆலையில் வேலை செய்வோருக்குச் சிக்கல் நேர்ந்தால் நாம் அங்கே போய்ப் பறையடிக்கத் தடை உண்டா. கடைசி வினாவைப் படித்த நம் செயலாளர் சிரித்தார். சிரிக்கட்டும், அதைத் தாளிலிருந்து எடுக்கமாட்டேன்.

விலகிய தம்பியர் இருவர் வீட்டிற்கும் நேற்று மாலை சென்று, கூட்டத்திற்கு வருமாறு அழைத்தேன். ஒருவர் வருவதாகச் சொன்னார். மற்றவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் திண்ணையில் அவருடைய பறை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.